நிலைக்கு நேர்ந்துவிட்ட பூவரசு

பூவரசு எதற்கும் ஆகாத மரம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் தலைக்கு ஏறும். சொல்கிறவன் அந்த மரத்தை வேலியில் மட்டும் பார்த்தவனாக இருப்பான். கிளையை ஒடித்துப் போத்து நடுவது, வருஷா வருஷம் ஆட்டுக்குத் தழை கழிப்பது, மொட்டையடித்து முண்டும் முடிச்சுமாக வளர்ப்பது, அப்புறம் ஒருநாள் அறுத்துப் பார்த்து உள்ளே பொக்கை என்று காறித் துப்புவது. மரத்தின் மேல் என்ன தப்பு? போத்தில் வந்த பூவரசு பெரும்பாலும் நடுவில் பொக்கையாகும், கோணிக்கொண்டு போகும். விதையில் வந்தது நேராகப் போகும், வைரம் பாயும். இது தெரியாமல் ஒரு மரத்தின் ஜாதியையே திட்டக் கூடாது.

எங்கள் மரம் விதையில் வந்தது. யாரும் நடவில்லை. கரையாம்புத்தூர்ப் பக்கம் எங்கள் கரும்புக் கொல்லைக்கும் வாய்க்காலுக்கும் நடுவில் அது நின்றது. பூவரசங்காய் தண்ணீரில் மிதக்கும். எந்த வெள்ளத்திலோ மிதந்து வந்து கரையில் ஒதுங்கி முளைத்திருக்கிறது. நான் கல்யாணமாகி வந்தபோது அது நல்ல வாலிபத்தில் இருந்தது. நெஞ்சு உயரத்தில் ஒரு இரும்புக் கொக்கி. எருமை கட்டுவதற்காக என் மாமனார் அடித்தது. எருமையை நான் பார்த்ததில்லை. களை எடுக்கப் போகும்போது அந்தக் கொக்கியில் என் சோத்துத் தூக்கை மாட்டிவிட்டுப் போவேன். எறும்பு ஏறாது, நாய்க்கும் எட்டாது. சில வருஷத்தில் தூக்கு மாட்ட இடம் போதவில்லை. மரம் கொக்கியைச் சுற்றிப் பெருத்துவிட்டது. அப்புறம் இரும்பு முனை மட்டும் மூக்குத்தி மாதிரி தெரிந்தது. அப்புறம் அதுவும் இல்லை. பட்டை இரண்டு உதடாகச் சேர்ந்து வாயை மூடிக்கொண்டது.

அந்த மரத்திடம் நான் வாங்கியது கொஞ்சமா? நாற்றங்காலில் சேறு மிதிக்கும்போது தழை அங்கிருந்துதான். பிள்ளையார் சதுர்த்திக்கு இலை அங்கிருந்துதான். பூவரசு இலையில் மாவைத் தட்டி, பூரணம் வைத்து, மடித்து ஆவியில் வைத்தால் கொழுக்கட்டையில் இலையின் நரம்பெல்லாம் பதிந்து, ஒரு பச்சை வாசனையோடு வரும். வாழையிலையில் செய்து பாருங்கள், அந்த வாசனை வராது. கழுத்தில் எனக்குப் படை வந்தபோது காயைக் கீறி அந்த மஞ்சள் பாலைத் தடவினேன். மாமியார் சொன்னது. ஒரு மாசம் கழுத்து மஞ்சளாக இருந்தது. மற்றவர்களுக்கு எப்படியோ, எனக்குப் படை போயிற்று, அவ்வளவுதான் தெரியும். காலையில் மஞ்சளாகப் பூத்த பூ சாயங்காலம் சிவந்துபோய் விழும். அதைப் பார்க்க எனக்குச் சலித்ததே இல்லை. வண்டி ஓடின காலத்தில் ஆரக்கால் அதில் செய்தார்கள். கடலோரத்துக்காரர்கள் படகுக்குத் தேடி வந்து கேட்டார்கள். தண்ணீரில் கிடந்தாலும் சீக்கிரம் கெடாத மரம் அது. கரையான் சுலபத்தில் வாய் வைக்காது. வெயிலில் போட்டாலும் தேக்கு மாதிரியே பெரிதாகச் சுருங்காது, முறுக்கிக்கொள்ளாது. இதெல்லாம் தெரிந்தும் ஊரில் அதை ஆட்டுத் தழை என்கிறார்கள்.

பழைய ஓட்டு வீட்டை இடித்துவிட்டுப் புது வீடு கட்டலாம் என்று முடிவானதும் நான் முதலில் சொன்னது, வாசல் நிலை அந்தப் பூவரசில்தான் என்று. எங்கள் பக்கத்தில் கடக்கால் எடுத்து, தரைமட்டம் கட்டி முடித்ததும் தலைவாசல் நிலையைத்தான் முதலில் நிறுத்துவார்கள். மஞ்சள் துணி கட்டி, நவதானியம் போட்டு, சொந்தக்காரர்களைக் கூப்பிட்டுப் பூசை செய்து நிறுத்துவார்கள். நிலை நின்ற பிறகுதான் அதைச் சுற்றிச் சுவர் எழும்பும். நிலை இல்லை என்றால் சுவர் இல்லை. மேஸ்திரி கை கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

என் வீட்டுக்காரர் கம்பெனி வேலைக்குப் போகிறவர். சாதுவான மனுஷன். ரெடிமேடாக வாங்கிவிடலாம் என்றார். வில்லியனூரில் மரவாடி வைத்திருக்கும் பாயிடம் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். பாய் எனக்குப் புதியவர் இல்லை. பள்ளிக்கூடத்தில் எனக்கு ஒரு வகுப்பு கீழே படித்தவர். அப்போதே வாய் அதிகம். கடையில் சுவரோரம் வரிசையாக நிலைகளைச் சாய்த்து வைத்திருந்தார். பளபளவென்று இருந்தன. எல்லாம் கப்பலில் வந்த மரம் என்றார். நான் பூவரசு கதையைச் சொன்னதும் கையிலிருந்த டீயைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

“யக்கா, பூவரசுல நிலையா? பாத்துக்க, ஊரு ஆடெல்லாம் உன் வாசப்படில வந்து மேயப் போவுது.”

“மேயட்டும். உன் நிலைய ஆடு கூட மோந்து பாக்காது.”

வீட்டுக்காரர் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் ஜெயித்துவிட்டேன் என்பதற்கு அது அடையாளம்.

மாசி மாசம் தேய்பிறையில் மரத்தை வெட்டினோம். வளர்பிறையில் வெட்டினால் வண்டு விழும் என்பார்கள். வெட்டுவதற்கு முன்னால் அடிமரத்தில் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, எங்கள் வீட்டுக்கு நிலையாக வா என்று சொன்னேன். அப்படி ஒரு மரத்தை நிலைக்கு நேர்ந்துவிட்டால் அது நிலைக்குத்தான். வேறு எதற்கும் கொடுக்கக் கூடாது, அதன் மேல் கால் வைத்துத் தாண்டக் கூடாது. வெட்டும்போது தெறித்த சிராயைக்கூட நாங்கள் அடுப்பில் வைக்கவில்லை. பொறுக்கி மரத்தடியிலேயே புதைத்தோம்.

மரம் சாய்ந்ததும் ஓடிப்போய் அறுத்த முகத்தைப் பார்த்தேன். சுற்றிலும் வெள்ளை, நடுவில் கருப்பட்டிப் பாகு நிறம், அதில் லேசாக ஊதா ஓட்டம். பொக்கை இல்லை. ஒரு விரல் நுழைய ஓட்டை இல்லை. குனிந்து மோந்தேன். பச்சை மரத்தில் மெல்லிசாகப் பன்னீர் வாசனை மாதிரி ஒன்று வந்தது. என் கணுக்கால் முழுக்க முள் குத்தியிருந்தது, வீட்டுக்குப் போகிறவரைக்கும் எனக்குத் தெரியவில்லை. அந்தக் கருப்பட்டி நிறத்துக்கு நடுவில் மை கொட்டினது மாதிரி ஒரு கறுப்புக் கோடு. உள்ளே இரும்பு இருக்கிறது, அதன் கறை ஓடியிருக்கிறது, மில்லில் அறுக்கும்போது பிளேடு பத்திரம் என்று வெட்டினவர் சொன்னார். என் சோத்துத் தூக்குக் கொக்கி. அது எனக்குத் தெரியாதா?

பச்சை மரத்தை உடனே அறுத்தால் உளுத்துப்போகும். அதனால் குட்டையில் போட்டு ஊற வைப்போம். பால் எல்லாம் தண்ணீரில் இறங்கிவிடும், நாற்றம் பிடுங்கும், ஆனால் அப்புறம் பூச்சி அண்டாது. கொல்லைக் குட்டையில் அடிமரத்தை உருட்டிவிட்டு மேலே கல் ஏற்றி, நைலான் கயிற்றால் கட்டி, கயிற்றின் இன்னொரு முனையைக் கரையில் அடித்த முளையில் சுற்றினோம். முளைக்கு எங்கே போவது? அதே மரத்தின் கிளை ஒன்றைச் சீவி அடித்தோம். எங்கள் ஊரில் யாரும் அதைத்தான் செய்வார்கள்.

வைகாசியில் முளை துளிர்த்துவிட்டது. பூவரசு அப்படித்தான், செத்த கட்டை என்று நினைத்து அடித்தால் இலை விட்டுக்கொண்டு நிற்கும். என் வீட்டுக்காரருக்கு ஒரே சந்தோஷம். ஷிப்டு முடிந்து வந்தால் நேராகக் குட்டைக்குப் போய் அதைப் பார்ப்பார். இருக்கட்டும், நல்லதுதானே என்று நானும் விட்டுவிட்டேன். நல்லதாம்.

கார்த்திகையில் புயல் வந்தது. எங்கள் பக்கத்து ஆட்கள் யாரிடமும் அதைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. காற்று ஓய்ந்தது என்று மூச்சு விட்டபோது பெண்ணையாற்றுத் தண்ணீர் வந்தது. பள்ளிக்கூடத்து மாடியில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தால் கரும்பு முழுக்கப் படுத்துக் கிடந்தது. புது வீட்டின் தரைமட்டம் வண்டலுக்குள் போயிருந்தது. குட்டைக்குப் போனேன். கல் எல்லாம் உருண்டு கிடந்தது. முளை மட்டும் நிமிர்ந்து நின்றது. வெள்ளம் இலையைக் கழுவிவிட்டுப் பச்சைப் பசேலென்று வைத்திருந்தது. கயிறு இல்லை. மரம் இல்லை.

முளையைப் பார்த்தேன். பட்டையில் ஒரு கீறல் இல்லை. கயிறு அறுந்திருந்தால் மிச்சம் இருக்கும். பிய்த்துக்கொண்டு போயிருந்தால் முளையும் போயிருக்கும். அவரைப் பார்த்தேன்.

“கயிறு எப்பிடி கழண்டுது?”

கால் விரலால் சேற்றைக் கிளறினார். அப்புறம் சொன்னார்: “அது வளந்துகினு இருந்துச்சி. கயிறு பட்டைய அறுக்குதேன்னு கொஞ்சம் லூசா வுட்டேன்.”

“எம்மாம் லூசா?”

“முடிச்சிய அவுத்துட்டு, சும்மா ஒரு சுத்து.”

நான் அப்போது சொன்னதை இங்கே எழுத முடியாது. இத்துப்போன ஒரு குச்சிக்கு வலிக்கும் என்று ஒரு வீட்டின் நிலையை ஆற்றில் விட்ட மனுஷனை வேறு எந்த ஊரிலாவது பார்த்திருக்கிறீர்களா? முளையையும் பிடுங்கி எறியப் போனேன். வரவில்லை. வேர் விட்டுவிட்டது. அந்தக் கோபமும் சேர்ந்துகொண்டது.

நிலை வைக்கத் தையில் நாள் குறித்தாயிற்று. புயலில் ஊரெல்லாம் வீடு இடிந்து கிடந்ததால் மேஸ்திரிக்கு எல்லாப் பக்கமும் அழைப்பு. குறித்த நாளில் நிலை நிற்கவில்லை என்றால் ஏம்பலத்தில் பிடித்திருக்கும் வேலைக்குப் போய்விடுவேன், திரும்பி வர ஆனி ஆகும் என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. நாங்கள் இருந்ததோ தகரக் கொட்டகையில். இன்னொரு மரம் வெட்டி ஊற வைக்க நேரம் இல்லை. வீட்டுக்காரர் பயந்து பயந்து பாயின் கடை என்று ஆரம்பித்தார். நேர்ந்துவிட்ட மரம் எங்கேயோ கிடக்க, கடை நிலையில் நான் மஞ்சள் வைக்க மாட்டேன் என்றேன். அது என் பிடிவாதம்தான். ஆனால் அந்த மரம் என் கண்ணுக்குள்ளேயே நின்றது. அதன் நிறத்தை நான் பார்த்துவிட்டேன். பார்க்காமல் இருந்திருந்தால் விட்டிருப்பேனோ என்னவோ.

தண்ணீர் எந்தப் பக்கம் போனதோ அந்தப் பக்கம் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். வாய்க்கால் ஓரமாகக் கிழக்கே பாகூர் பக்கம். பார்க்கிறவர்களிடமெல்லாம் கேட்டேன். ஊரே மாடு காணோம், மோட்டார் காணோம் என்று அலைகிறது, இவள் கட்டை காணோம் என்று வருகிறாளே என்று சிரித்தார்கள். சிரிக்கட்டும். தினமும் போனேன். ரோட்டுக்கு அடியில் கல்வெர்ட்டில் அடைத்திருந்த குப்பையைக் கிளறினேன். ஒருவர் வயலில் கிடந்த கட்டையைப் பார்த்து வண்டியைப் போட்டுவிட்டு ஓடினேன், அது வேப்பமரம். கடைசியில் டீக்கடையில் ஒரு பெண் சொன்னாள்: சவுக்குத் தோப்பில் நிறைய மரம் ஒதுங்கியிருக்கிறது, தோப்புக்காரர் எல்லாவற்றையும் செங்கல் சூளைக்கு விறகாகக் கொடுக்கிறார், இன்றைக்கு டிராக்டர் வந்து ஏற்றுகிறது.

சூளைக்கு. சிராயைக்கூட நான் அடுப்பில் வைக்கவில்லை. வண்டியை நான் எப்படி ஓட்டினேன் என்று எனக்குத் தெரியாது.

தோப்புக்காரர் என் வீட்டுக்காரருக்கு மாமன் முறை. வசதியான ஆள், நல்லது கெட்டதில் முதல் வரிசையில் உட்காருகிறவர். இவர் எதிரில் என் வீட்டுக்காரர் வாயைத் திறந்து நான் பார்த்ததில்லை. நான் போனபோது டிராக்டர் டிரெய்லரில் பாதி ஏற்றியாயிற்று. சவுக்கு மரங்களுக்கு நடுவே சேறு அப்பி ஒரு குவியல். அதில் நான்காவதோ ஐந்தாவதோ ஒன்றைப் பார்த்ததும் ஓடிப்போய்க் குனிந்தேன். கையால் சேற்றை வழித்தேன். அந்த உதடு. மூடின வாய். என் மரம்.

நான் சத்தம் போட்ட சத்தத்தில் ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் கையை எடுத்துவிட்டார்கள். மாமா கட்டிலில் இருந்து எழுந்து வந்தார். வேலியோரம் வேரோடு சாய்ந்து கிடந்த ஒரு பூவரசைக் காட்டி, அதில் அறுத்ததுதான் இதெல்லாம் என்றார். இல்லை, இது வெள்ளத்தில் வந்த என் மரம், நிலைக்கு நேர்ந்துவிட்டது என்றேன். அவர் சுற்றி நின்றவர்களைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“இன்னாம்மா, வெள்ளத்துல வந்ததெல்லாம் உன்னுதா? என் தோப்புல செத்த ஆடு ஒண்ணு கூட ஒதுங்கிச்சி. அதும் உன்னுதா?”

“ஆட்ட நீங்களே வச்சிக்கோங்க மாமா. மரத்தக் குடுங்க.”

எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

அங்கே கிடந்த அரிவாள் ஒன்றை எடுத்து, மரத்தின் அறுத்த முகத்தைச் சுரண்டிக் கறுப்புக் கோட்டைக் காட்டினேன். சேற்றில் ஊறினால் எந்தக் கட்டையும்தான் கறுக்கும் என்றார். அதில் நியாயம் இருந்தது. எனக்கு அது இன்னும் எரிச்சலாக இருந்தது. கடைசியில் சொல்லிவிட்டேன்: இதற்குள் இரும்புக் கொக்கி இருக்கிறது. இல்லை என்றால் நானே தூக்கி டிரெய்லரில் போடுகிறேன்.

“பாத்துட்லாம்,” என்றார் மாமா, திரும்பக் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு.

பாய்க்குப் போன் போட்டேன். மரவாடியில் அறுக்க வரும் மரத்துக்குள் ஆணி இருக்கிறதா என்று பார்க்கப் பெரிய ஸ்பீக்கர் பெட்டியில் இருந்து கழற்றின காந்தம் ஒன்றைக் கயிற்றில் கட்டி வைத்திருப்பார். மரத்தின் மேல் மெதுவாக ஓட்டினால் இரும்பு இருக்கிற இடத்தில் இழுக்கும். வீட்டுக்காரருக்கும் போன் போட்டேன். காத்திருந்தபோதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. கொக்கி எத்தனை வருஷம் மழையில் நனைந்தது, எத்தனை வருஷம் மரத்துக்குள் கிடந்தது? துருப் பிடித்துத் தூளாகியிருந்தால் காந்தம் எதை இழுக்கும்? வாயை விட்டுவிட்டேன். டிராக்டர்காரன் அடிக்கடி ஆரன் அடித்துக்கொண்டிருந்தான்.

பாய் குட்டியானை வண்டியில் வந்தார். வீட்டுக்காரர் பின்னால் நின்றுகொண்டு வந்தார். பாய் மரத்தை ஒருமுறை சுற்றி வந்து, காந்தத்தைத் தொங்கவிட்டு, உதட்டுத் தழும்பின் மேல் கொண்டுபோனார். காந்தம் அசையவில்லை. மேலே, கீழே, பக்கத்தில். கோயில் மணி மாதிரி சும்மா தொங்கியது. பாய் என்னைப் பார்த்தார். கயிற்றைக் கையில் சுருட்ட ஆரம்பித்தார்.

“ஏத்துங்கடா,” என்றார் மாமா.

“மாமா, இருங்க.”

யார் என்று திரும்பிப் பார்த்தேன். என் வீட்டுக்காரர்.

“அப்பா கொக்கி அடிக்கும்போது மரம் தொடை மொத்தம்தான் இருந்துச்சி. முனை மறுபக்கம் வெளிய வந்துது. எரும இழுத்துக்கும்னு அந்த முனைய மடக்கி அடிச்சாரு. நான்தான் அந்தப் பக்கம் கல்லை அண்டக் குடுத்துப் புடிச்சேன்.” கையை நீட்டினார். கல்யாணம் ஆனதிலிருந்து நான் பார்க்கிற கட்டைவிரல், நகம் இரண்டாகப் பிளந்து வளருகிற கட்டைவிரல். “இந்தப் பக்கம் மழையில துருப் புடிச்சிருக்கும். அந்தப் பக்கத்த மரம் அப்பவே மூடிடுச்சி. பொரட்டிப் பாருங்க.”

ஒரே மூச்சில் அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. ஆட்கள் மாமாவைப் பார்த்தார்கள். மாமா தலையை ஆட்டினார். புரட்டினார்கள். வாய்க்கால் பக்கம் இருந்த புறம் அது. அந்தப் பக்கம் மரம் அவ்வளவாகப் பெருக்கவில்லை. வெள்ளத்தில் உருண்டதில் பட்டையும் வெள்ளையும் தேய்ந்து போயிருந்தது. பாய் கயிற்றை இறக்கினார். காந்தம் தொங்கியது, லேசாகத் திரும்பியது, சாய்ந்தது, டக்கென்று போய் ஒட்டிக்கொண்டது.

நான் குதித்தேன். வெட்கப்படாமல் சொல்கிறேன், சவுக்குத் தோப்புச் சேற்றில் இந்த வயசில் குதித்தேன். பாய் தன் வண்டியிலிருந்து உளியை எடுத்து வந்து அந்த இடத்தைச் செதுக்கினார். நீலமும் கறுப்புமாகக் கறை ஏறின மரத்துக்குள், மடங்கின இரும்பு முனை ஒன்று சுருண்டு கிடந்தது.

மாமா எழுந்து வந்து குனிந்து பார்த்தார். இரும்பு முனையை நகத்தால் சுரண்டினார். “உங்கப்பன் அந்த எருமைக்கு எம்மாம் பயந்திருக்கான்,” என்றார் என் வீட்டுக்காரரிடம். அப்புறம் ஆட்களிடம் திரும்பி, பார்த்துக்கொண்டு நிற்காமல் குட்டியானையில் ஏற்றுங்கள் என்று கத்தினார். நானும் ஒரு முனையைப் பிடித்தேன். நிலை வைக்கிற அன்றைக்குக் கூப்பிட வேண்டும் என்றார். கூப்பிடாமல் எப்படி, முறைக்கு மாமா ஆயிற்றே என்றேன். கோபம் முழுசாகப் போகவில்லை என்றாலும் சொன்னேன்.

மில்லில் அறுத்த அன்றைக்கு நான் பாயின் பக்கத்திலேயே நின்றேன். கொக்கி மரத்தின் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்கு நடுவே குறுக்காகப் போகிறது. அதன் போக்குக்கே பிளேடை ஓட்டினால் நடுப் பலகையோடு இரும்பு தனியாக வந்துவிடும், இரண்டு பக்கமும் இரும்பு இல்லாத மரம் கிடைக்கும் என்று பாய் சாக்பீசால் கோடு போட்டுக் காட்டினார். பிளேடு உள்ளே போயிற்று. முதல் பலகை பிரிந்து விழுந்தது.

என்னால் அதை எழுதிக் காட்ட முடியுமா என்று தெரியவில்லை. ஈரத்தில் அந்த நிறம் சொக்கத் தங்கம் என்று சொல்ல மாட்டேன், அது பொய். நன்றாகக் காய்ச்சின பாகைக் கல்லில் ஊற்றினால் நடுவில் கறுத்து ஓரத்தில் சிவக்குமே, அது. குட்டை நாற்றத்தை எல்லாம் தள்ளிக்கொண்டு அந்தப் பன்னீர் வாசனை மறுபடி வந்தது. இழை கையில் பட்டு மாதிரி இருந்தது. ஒரு புழு ஓட்டை இல்லை. தேக்கு அறுக்க வந்திருந்த ஒருவர் தன் மரத்தை விட்டுவிட்டு இங்கே வந்து இது என்ன மரம் என்று கேட்டார். ஆட்டுத் தழை என்றேன்.

பாய் பலகையை உள்ளங்கையால் தடவிக்கொண்டே நின்றார். அப்புறம் மெதுவாகக் கேட்டார்.

“யக்கா, இத்த என்கிட்ட குடுத்துடு. உனுக்குத் தேக்குலயே நிலை போட்டுத் தரேன்.”

“உன் வாசல்ல ஆடு மேயும் பாய்,” என்றேன்.

குறித்த நாளில் நிலை நின்றது. மஞ்சள் துணி கட்டினோம், நவதானியம் போட்டோம். மாமா வெள்ளை வேட்டியில் வந்து முன்னால் நின்றார், தன் தோப்பில்தான் இந்த மரம் பத்திரமாக இருந்தது என்று வந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அன்றைக்கு மட்டும் போகட்டும் என்று விட்டேன். பாய் நெய் மைசூர்பாகு வாங்கி வந்தார். நிலையின் இடது காலில் கொக்கியின் கறை கையகலத்துக்குக் கறுப்பாக ஓடியிருந்தது. பாலிஷ் போட்டு மறைத்துவிடலாம் என்று ஆசாரி கேட்டார். கை வைக்கக் கூடாது என்றேன். என் சோத்துத் தூக்கு தொங்கின இடம் அது. மத்தியானமே மேஸ்திரி நிலைக்கு இரண்டு பக்கமும் முதல் வரிசைச் செங்கலை வைத்துவிட்டார்.

எல்லாரும் போன பிறகு வீட்டுக்காரரைத் தேடினேன். குட்டைக் கரையில் இருந்தார், புதுசாக வாங்கின கன்றுக்குட்டியோடு. அந்த முளை இப்போது என் இடுப்புக்கு வந்துவிட்டது, நாலு பக்கமும் கிளை.

“போத்துல வந்தது,” என்றேன். “நாளைக்கு உள்ள பொக்கையாத்தான் போவும். எந்த நிலைக்கும் ஆவாது.”

“நிலைக்கு யாரு கேட்டா? கொழுக்கட்டைக்கு எல வேணுமில்ல.”

கன்றின் கயிற்றை முளையில் சுற்ற ஆரம்பித்தார். நான் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“இறுக்கிக் கட்டு,” என்றேன்.